ஆகஸ்டு 15: ஒரு தேதியின் கதை

பத்திரிகைகளில் ஒரு மூலையில் 'சரித்திரத்தில் இன்று' என்று தலைப்பிட்டு நாலைந்து வரிகள் போடுவது வழக்கம். இன்ன வருஷம் இதே தேதியில் இன்ன அரசன் பிறந்தான். இன்ன வருஷம் இன்ன பாலம் திறக்கப்பட்டது. இன்ன வருஷம் இன்ன யுத்தம் முடிந்தது. அரசனுக்கும் பாலத்துக்கும் சம்பந்தம் கிடையாது. பாலத்துக்கும் யுத்தத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஒரே ரயில் பெட்டியில் ஏறிவிட்ட முன்பின் தெரியாத பிரயாணிகளைப் போல அவர்கள் ஒரே தேதியில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆயினும் அந்த மூலையைப் படிக்காமல் பத்திரிகையை மடித்து வைக்கிற வீடு அபூர்வம்.

சரித்திரம் போதிப்பவர்கள் இந்த விளையாட்டைச் சற்று அலட்சியமாகவே பார்ப்பார்கள். தேதிகளை நெட்டுருப் போடுவது சரித்திரம் ஆகாது என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி நமக்கு நாக்குத் தழும்பேறியிருக்கிறது. ஆனால் ஏதேனும் ஒரு தேதியை எடுத்துக்கொண்டு அதில் வந்து சேர்ந்திருக்கும் பிரயாணிகளை ஒவ்வொருவராக விசாரித்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படுகிறது. சிலர் தாமாக வந்தவர்கள். வேறு சிலரை யாரோ கையைப் பிடித்து அழைத்து வந்து, வேண்டுமென்றே அந்த இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். உட்கார வைத்தவர் யார், எதற்காக வைத்தார் என்று கேட்கத் தொடங்கினால் சுவாரஸ்யம் பிறக்கிறது. சில சமயங்களில் மனவருத்தமும் பிறக்கிறது.

நம் எல்லோருக்கும் தெரிந்த ஆகஸ்டு 15-ந் தேதியையே விசாரிப்போம்.

நாள் குறித்தவர்

இந்தியா விடுதலை பெறுவதற்கு இந்த நாளைக் குறித்தது யார்? காங்கிரஸ் மகாசபை குறிக்கவில்லை. அரசியல் நிர்ணய சபை குறிக்கவில்லை. பிரிட்டிஷ் பார்லிமெண்டு கூட முதலில் குறிக்கவில்லை. 1947 பிப்ரவரி 20-ந் தேதி பிரதம மந்திரி அட்லி அறிவித்ததெல்லாம், 1948 ஜூன் மாதத்துக்குள் அதிகாரம் இந்தியர் கைக்கு மாறிவிடும் என்பதுதான். மார்ச்சு மாதத்தில் மௌண்ட்பேட்டன் பிரபு கடைசி வைஸ்ராயாக டில்லிக்கு வந்தார். ஜூன் 3-ந் தேதி தேசப் பிரிவினைத் திட்டம் வெளியாயிற்று. மறுநாள் வைஸ்ராய் பத்திரிகை நிருபர்களைச் சந்தித்தார். அதிகாரம் என்றைக்கு மாறும் என்ற பேச்சு அங்கே வந்தபோது, ஆகஸ்டு 15-ந் தேதி வாக்கில் என்று சொல்லிவிட்டார். தேசம் திடுக்கிட்டது. அன்றைக்கும் ஆகஸ்டு 15-க்கும் நடுவே 72 நாட்களே இருந்தன.

அந்தத் தேதி அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? வெகு காலம் கழித்து அவரே சொன்ன காரணம் இது: அந்தத் தேதியை முன்கூட்டி யோசித்து வைக்கவில்லை, அது ஜப்பான் சரணடைந்த இரண்டாம் ஆண்டு நிறைவு நாள் என்பது சட்டென்று நினைவுக்கு வந்தது, சொல்லிவிட்டார். ஜப்பானிய யுத்தத்தில் தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளுக்கெல்லாம் பிரதம சேனாதிபதியாக இருந்தவர் அவர். 1945 செப்டம்பர் 12-ந் தேதி சிங்கப்பூரில் ஜப்பானியத் தளபதிகளின் சரணாகதியை ஏற்றுக்கொண்டவரும் அவரே. ஆகவே ஆகஸ்டு 15 அவருடைய வெற்றித் திருநாள். நாற்பது கோடி ஜனங்களின் விடுதலைக்கு ஒரு தேதி வேண்டியிருந்தபோது, சேனாதிபதி தம் சட்டைப் பதக்கத்தைப் பார்த்துத் தேதி சொன்னார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இதில் ஒரு விபரீதம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அவர் வெற்றி பெற்றார் என்றால் யாரோ தோற்றிருக்க வேண்டும் அல்லவா? ஜப்பான் மட்டுமா தோற்றது? நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் கதையும் அந்த நாளோடு முடிந்தது. மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களிலிருந்து அந்தப் படையில் போய்ச் சேர்ந்த தமிழர் எத்தனையோ பேர். அவர்களுடைய மனைவிமாரும் பெண்மக்களும் கூட ஜான்ஸி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். அவர்களுக்கு 1945 ஆகஸ்டு 15 கையிலிருந்த துப்பாக்கிக்கு வேலையில்லாமற் போன நாள். மூன்று நாட்கள் கழித்துத் தைவான் தீவில் நடந்த விமான விபத்தில் நேதாஜி மாண்டார் என்ற செய்தி வந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அதே தேதி தேசத்தின் சுதந்திரத் திருநாளாக வந்து நின்றபோது, அந்தத் தோட்டக்காரக் குடும்பங்களின் மனம் எப்படித் தவித்திருக்கும்!

சக்கரவர்த்தியின் குரல்

ஜப்பானில் அந்த நாள் எப்படி விடிந்தது என்பதையும் பார்க்கலாம். ஆகஸ்டு 6-ந் தேதி ஹிரோஷிமாவிலும் 9-ந் தேதி நாகஸாகியிலும் அணுகுண்டு விழுந்துவிட்டது. ருஷ்யாவும் யுத்தத்தில் இறங்கிவிட்டது. 14-ந் தேதி இரவு ஹிரோஹிட்டோ சக்கரவர்த்தி தம் குரலை ஒலித்தட்டில் பதிவு செய்து கொடுத்தார். யுத்தத்தை நிறுத்தக் கூடாது என்று துடித்த இளம் ராணுவ அதிகாரிகள் சிலர் அன்றிரவே அரண்மனைக்குள் புகுந்து அந்த ஒலித்தட்டைத் தேடினார்கள். அறை அறையாகத் தேடியும் அகப்படவில்லை. 15-ந் தேதி நடுப்பகலில் அது ரேடியோவில் ஒலித்தது.

ஜப்பானியப் பிரஜைகள் தங்கள் சக்கரவர்த்தியின் குரலைக் கேட்டது அதுவே முதல் தடவை. கேட்டார்களே ஒழியப் பலருக்குப் பொருள் விளங்கவில்லை. அவர் பேசியது அரண்மனைக்கே உரிய பழைய உயர்நடை. நம்மூர்ச் சந்தையில் ஒருவர் நின்றுகொண்டு சங்க காலச் செய்யுளில் விலை சொன்னால் எப்படியோ அப்படி! தவிர, 'சரணடைகிறோம்' என்ற வார்த்தை அந்தப் பேச்சில் எங்குமே இல்லை. ரேடியோ அறிவிப்பாளர் பிறகு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. தலை குனிந்து நின்று கேட்டவர்கள், பக்கத்தில் நின்றவர்கள் அழுவதைப் பார்த்த பிறகே யுத்தம் தோற்றுப்போயிற்று என்று அறிந்துகொண்டார்களாம்.

இங்கே தேதிக் கணக்கர்களுக்கு ஒரு சங்கடம். டோக்கியோவில் 15-ந் தேதி பிறந்தபோது வாஷிங்டனில் இன்னும் 14-ந் தேதி. ஆகவே அமெரிக்கர்கள் 14-ந் தேதி மாலையிலேயே வீதிக்கு வந்து ஆரவாரித்தார்கள். ஒரே சம்பவம், இரண்டு தேதி! பூமி உருண்டையாக இருக்கும் வரையில் 'இதே நாளில்' என்ற பேச்சைச் சற்று எச்சரிக்கையோடு கையாள்வது நல்லது.

இரண்டு கோடுகள்

அதே 1945 ஆகஸ்டு 15 கொரியா நாட்டுக்கு விடுதலை நாள். 1910 முதல் முப்பத்தைந்து வருஷம் ஜப்பானின் ஆதீனத்தில் கிடந்த நாடு அது. தென் கொரியர்கள் அந்த நாளுக்கு வைத்திருக்கும் பெயருக்கு 'ஒளி மீண்ட நாள்' என்று பொருள். ஆனால் ஒளி மீளுவதற்குள்ளேயே நாடு இரண்டாகிவிட்டது. ஆகஸ்டு 10-ந் தேதி நள்ளிரவையொட்டி வாஷிங்டனில் இரண்டு அமெரிக்க ராணுவ அதிகாரிகளை அழைத்து, ருஷ்யப் படை எதுவரை வரலாம், அமெரிக்கப் படை எதுவரை போகலாம் என்று ஒரு கோடு காட்டச் சொன்னார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சுமார் அரைமணி நேரம். கையில் இருந்தது ஒரு பத்திரிகை வெளியிட்ட சாதாரணப் படம். 38-வது அட்சரேகையைக் காட்டிவிட்டு எழுந்தார்கள். அவர்களில் ஒருவரான டீன் ரஸ்க் பிற்காலத்தில் அமெரிக்காவின் வெளிநாட்டு மந்திரியானார். 1948 ஆகஸ்டு 15-ந் தேதி, வேண்டுமென்றே அந்த நாளைப் பார்த்து, தெற்கில் கொரியக் குடியரசு பிரகடனம் செய்யப்பட்டது. மறு மாதம் வடக்கில் இன்னொரு குடியரசு தோன்றியது. இரு பக்கத்தாரும் கொண்டாடுகிற பொது நாள் இது ஒன்று. கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் தனித்தனியே நின்று கொண்டாடுகிறார்கள்.

இதைப் படிக்கும்போது நம் நாட்டில் போட்ட கோடு ஞாபகத்துக்கு வராமல் இராது. ஸர் ஸிரில் ராட்கிளிஃப் என்ற வக்கீல் அதற்கு முன்பு இந்திய மண்ணை மிதித்ததில்லை. ஜூலை 8-ந் தேதி வந்து சேர்ந்தார். பஞ்சாபையும் வங்காளத்தையும் பங்கு பிரிக்க அவருக்குக் கிடைத்தவை ஐந்து வாரங்கள். நம் ஊரில் அண்ணன் தம்பி பாகப் பிரிவினைக்கு ஐந்து வருஷம் போதாமல் ஹைகோர்ட்டு வரை போகிறார்கள்! கோடு தயாரான பிறகும் அதை உடனே வெளியிடவில்லை. கொண்டாட்டத்தின்போது வெளியிட்டால் கலகம் மூளும் என்று வைஸ்ராய் கருதினார். ஆகஸ்டு 17-ந் தேதிதான் அது வெளிவந்தது. சுதந்திர தினத்தன்று எல்லைப்புறத்தில் இருந்த லட்சக்கணக்கான ஜனங்களுக்குத் தாங்கள் எந்த தேசத்தின் பிரஜைகள் என்பதே தெரியாது. முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடி ஏறியது. குல்னாவில் இந்தியக் கொடி ஏறியது. இரண்டு நாள் கழித்து முன்னது இந்தியாவுக்கு என்றும் பின்னது பாகிஸ்தானுக்கு என்றும் தெரிந்து, ஏற்றிய கொடியை இறக்கி வேறு கொடி ஏற்றினார்கள்.

கொடியை மாற்றுவது எளிது. அந்தக் கோட்டைத் தாண்டி இரு திசையிலும் வீடு வாசலை விட்டு ஓடியவர்கள் ஒரு கோடிக்கு மேல். மாண்டவர்கள் சில லட்சம் என்பாரும் உண்டு, பத்து லட்சம் என்பாரும் உண்டு. தாமதித்திருந்தால் இதைவிடப் பெரிய உள்நாட்டு யுத்தம் மூண்டிருக்கும், சிதைந்து வந்த சர்க்காரை இன்னும் பத்து மாதம் தாங்கிப் பிடித்திருக்க முடியாது என்று மௌண்ட்பேட்டனின் தரப்பில் வாதிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தை ஒதுக்கித் தள்ளிவிட முடியாது. ஆனால் சீக்கிரம் வேண்டும் என்பது ஒன்று. இன்ன தேதி என்பது வேறொன்று. செப்டம்பரிலோ அக்டோபரிலோ ஒரு நாளைக் குறித்து, கோட்டை முதலில் காட்டிவிட்டு, பட்டாளத்தை எல்லையில் நிறுத்திவிட்டுக் கொடியை ஏற்றியிருக்கலாகாதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

பஞ்சாங்கமும் நள்ளிரவும்

வைஸ்ராய் நாள் குறித்தாரே ஒழியப் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் குறிக்கவில்லை. தேதி வெளியானதும் வடநாட்டு ஜோசியர்கள் பதறிப்போனார்கள். தமிழ்நாட்டில் ஜோசியரைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. வீட்டிலுள்ள பாட்டிமாரே சொல்லிவிடுவார்கள். சர்வஜித்து வருஷம் ஆடி மாதக் கடைசி, மறுநாள் அமாவாசை. ஒரு மாட்டுக் கொட்டகைக்குக் கூட யாரும் கால்கோள் நாட்டாத நாள்! தேசத்துக்கு அந்த நாளில் கிருகப் பிரவேசமா?

ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இங்கிலீஷ்காரர் கணக்கில் நள்ளிரவில் தேதி மாறுகிறது. நம் கணக்கில் சூரியோதயத்தில்தான் நாள் மாறுகிறது. ஆகவே அரசியல் நிர்ணய சபை 14-ந் தேதி இரவு 11 மணிக்கே கூடியது. ஸ்ரீமதி சுசேதா கிருபளானி வந்தே மாதரம் பாடினார். ஜவாஹர்லால் பேசினார். மணி பன்னிரண்டு அடித்ததும் அங்கத்தினர்கள் எழுந்து நின்று பிரதிக்ஞை எடுத்துக்கொண்டார்கள். இந்தியப் பெண்குலத்தின் சார்பில் ஸ்ரீமதி ஹன்ஸா மேத்தா தேசியக் கொடியை அளித்தார். ஜோசியருக்கும் சமாதானம், வைஸ்ராயின் தேதிக்கும் பங்கமில்லை. உலகமே புகழ்கிற அந்த நள்ளிரவுக் காட்சிக்கு நம் பஞ்சாங்கமும் ஒரு காரணம் என்பதை எண்ணினால் சிரிப்பு வருகிறது.

அன்றிரவு சென்னை ரேடியோவில் டி. கே. பட்டம்மாள் பாரதியார் பாட்டுப் பாடினார். சுதந்திரம் வருவதற்கு வெகு காலம் முன்பே, வந்துவிட்டதாகவே வைத்துப் பாடியவர் அல்லவா பாரதியார்! விடியற்காலையில் சென்னைக் கோட்டையில் மூவர்ணக் கொடி ஏறியது. அந்தக் கொடி கோட்டையிலுள்ள காட்சிச்சாலையில் பத்திரமாக வைக்கப்பட்டது. டில்லிச் செங்கோட்டையில் ஜவாஹர்லால் கொடியேற்றியதும் 15-ந் தேதிதான் என்று பலரும் எண்ணியிருப்பார்கள். செங்கோட்டையில் முதன்முதலாகக் கொடி ஏறியது மறுநாள், 16-ந் தேதி. பிற்பாடு வருஷந்தோறும் 15-ந் தேதியிலேயே ஏற்றும் வழக்கம் வந்தது.

நாமே குறித்த நாள்

நாள் குறிக்க நமக்குத் தெரியாமல் இல்லை. நாம் குறித்த நாள் வேறு ஒன்று இருந்தது. 1929 டிசம்பர் 31-ந் தேதி நள்ளிரவில் ராவி நதிக்கரையில் லாகூர்க் காங்கிரஸ் பூரண சுயராஜ்யமே லட்சியம் என்று பிரகடனம் செய்தது. தேசம் முழுவதும் பிரதிக்ஞை எடுத்துக்கொள்வதற்கு ஜனவரி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்கள். அது 26-ந் தேதி. பஞ்சாங்கமும் இல்லை, பதக்கமும் இல்லை. ஜனங்கள் வேலைக்குப் போகாத நாளாக இருக்கட்டும் என்பதே கணக்கு! அந்த 1930-ம் வருஷம் முதல் ஒவ்வொரு ஜனவரி 26-ந் தேதியும் சுதந்திர தினமாயிற்று. தடியடி பட்டவர்கள், சிறை சென்றவர்கள், கொடியைப் பிடித்த கையை விடாதவர்கள் எல்லோரும் அந்த நாளுக்கு விலை கொடுத்தார்கள். 1932 ஜனவரி 26-ந் தேதி ஆரியா என்று பெயர் பெற்ற பாஷ்யம் என்ற வாலிபர் ஒருவருக்கும் தெரியாமல் சென்னைக் கோட்டைக் கொடிமரத்தின் மேல் ஏறி, பிரிட்டிஷ் கொடி பறந்த இடத்தில் நம் கொடியைக் கட்டிவிட்டு இறங்கினார். 1947-ல் பீரங்கி மரியாதையுடன் ஏறிய கொடியைக் காட்டிலும் அந்தக் கொடிமேல்தான் நமக்கு ஒரு தனி வாஞ்சை.

ஆகஸ்டு 15 வந்ததும் ஜனவரி 26-க்கு வேலை இல்லாமற் போயிற்று. பதினெட்டு வருஷம் கொண்டாடிய நாளைச் சும்மா விட மனம் வருமா? 1949 நவம்பர் 26-ந் தேதியே அரசியல் சாசனம் நிறைவேறிவிட்டது. ஆனாலும் இரண்டு மாதம் காத்திருந்து, 1950 ஜனவரி 26-ந் தேதியன்று அதை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பிறர் தந்த தேதி சுதந்திர தினமாகவும், நாமே எடுத்துக்கொண்ட தேதி குடியரசு தினமாகவும் நிலைத்தன.

பாகிஸ்தானும் தன் தேதியை மாற்றிக்கொண்டது. சட்டப்படி இரண்டு தேசங்களும் பிறந்தது ஆகஸ்டு 15-ந் தேதிதான். 1948 ஜூலையில் வெளியான அந்நாட்டின் விசேஷத் தபால் தலைகளிலும் அந்தத் தேதியே அச்சாகியிருக்கிறது. அந்த வருஷக் கொண்டாட்டம் வருவதற்குள் 14-ந் தேதி என்று ஆக்கிவிட்டார்கள். ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் இருக்க முடியாத மௌண்ட்பேட்டன் கராச்சிக்குப் போய்ச் சடங்கை முடித்துவிட்டு வந்த நாள் அது. வங்காள தேசத்தில் இந்தத் தேதி பட்ட பாடு இன்னும் அதிகம். 1975 ஆகஸ்டு 15-ந் தேதி அதிகாலையில் டாக்காவில் ஷேக் முஜிபுர் ரஹ்மானையும் அவர் குடும்பத்தாரையும் ராணுவ அதிகாரிகள் சிலர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். அவர் கட்சியார் ஆண்டபோது அது தேசிய துக்க தினம், விடுமுறை. 2024-ல் ஆட்சி கவிழ்ந்ததும் விடுமுறை ரத்தாயிற்று. இறந்தவர் இறந்த நாள் மாறவில்லை. காலண்டரில் அதன் நிறம்தான் மாறிற்று.

இந்த வித்தையில் எல்லோருக்கும் குரு நெப்போலியன். அவன் கார்ஸிகா தீவில் பிறந்தது 1769 ஆகஸ்டு 15. கத்தோலிக்க உலகம் தேவமாதா விண்ணேறிய திருநாளாகக் கொண்டாடும் தேதி அது. இன்றும் நம் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் அன்று இரட்டைப் பண்டிகை. சக்கரவர்த்தியானதும் அவனுக்கு ஓர் ஆசை பிறந்தது. மாதாவின் திருநாளைத் தன் பிறந்த நாளாகவும் ஆக்க வேண்டும்! யாரும் கேள்விப்பட்டிராத 'அர்ச்சியசிஷ்ட நெப்போலியன்' என்ற ஒரு புனிதரைத் தேடிப் பிடித்து, 1806 முதல் ஆகஸ்டு 15-ந் தேதியை அவருடைய திருநாளாக விதித்துவிட்டான். நெப்போலியன் வீழ்ந்ததும் அந்தப் புனிதரும் கூடவே மறைந்தார்.

மற்ற விஷயங்களைக் கிடுகிடுவென்று சொல்லிவிடலாம். 1854 ஆகஸ்டு 15-ல் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் பிரயாணி ரயில் ஓடிற்று. 1914-ல் பனாமாக் கால்வாய் திறக்கப்பட்டது; ஐரோப்பாவில் யுத்தம் மூண்டு இரண்டு வாரமே ஆகியிருந்தபடியால் அதைக் கவனிப்பார் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு சர்க்கார் நல்ல காரியங்களுக்கு இந்த நாளைப் பார்த்து வைக்கத் தொடங்கியது: 1969-ல் விண்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனம், 1972-ல் தபால் விலாசத்தில் எழுதும் ஆறு இலக்க எண்.

தாமாக வந்த இருவர்

யாரும் அழைக்காமல் இந்தத் தேதிக்கு வந்து சேர்ந்தவர்களில் இருவரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்.

ஒருவர் ஸ்ரீ அரவிந்தர். 1872 ஆகஸ்டு 15-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தவர். 1910 முதல் புதுச்சேரியில் வாழ்ந்தவர். சுதந்திரம் வந்த அன்று அவருக்கு எழுபத்தைந்து வயது நிறைந்தது. திருச்சி ரேடியோ நிலையத்தார் கேட்டுக்கொண்டதன் பேரில் ஒரு செய்தி எழுதித் தந்தார். இந்தப் பொருத்தத்தைத் தாம் தற்செயல் என்று கொள்ளவில்லை, தம் வாழ்வை வழிநடத்தும் தெய்வ சக்தி இட்ட முத்திரையாகவே கொள்வதாக அதில் சொன்னார். வைஸ்ராயின் பதக்கத்தைப் பற்றிப் பேசிய நாம் யோகியின் முத்திரையைப் பற்றித் தர்க்கம் செய்யப் போவதில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறோம். அவர் அந்தச் செய்தியை எழுதிய புதுச்சேரி அன்றைக்குச் சுதந்திர பூமி ஆகவில்லை. பிரெஞ்சுக்காரர் அங்கிருந்து நிர்வாகத்தை ஒப்படைத்தது 1954 நவம்பர் 1-ந் தேதி. அதற்கு நாலு வருஷம் முன்பே அரவிந்தர் மறைந்துவிட்டார்.

மற்றொருவர் மகாதேவ தேசாய்.

1917-ம் வருஷம் மகாத்மாவிடம் வந்து சேர்ந்தவர். இருபத்தைந்து வருஷ காலம் காரியதரிசி. காரியதரிசி என்ற பதம் அதற்குப் போதாது. சத்திய சோதனையை ஆங்கிலத்தில் தந்தவர் அவர். மகாத்மா குஜராத்தியில் எழுதிய கீதை விளக்கத்தைச் சிறையில் இருந்தபோது ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவர். மகாத்மா எழுந்திருக்கும் முன் எழுந்து, படுத்த பின் படுத்து, அவர் பேசியதையெல்லாம் அன்றன்றே தேதியிட்டுக் குறித்து வைத்தவர். 1942 ஆகஸ்டு 8-ந் தேதி இரவு பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் பொழுது விடியும் முன்பே மகாத்மாவைக் கைது செய்தபோது மகாதேவரையும் பிடித்துக்கொண்டு போய்ப் பூனா நகரில் ஆகாகான் அரண்மனையில் அடைத்தார்கள். அரண்மனை என்ற பெயர்தான். சுற்றிலும் முள்வேலி, வாசலில் துப்பாக்கிச் சிப்பாய்.

ஆறு நாட்கள் கழிந்தன. 15-ந் தேதி சனிக்கிழமை காலை. சிறை இலாகா அதிகாரி வந்திருந்தார். மகாதேவர் வழக்கம் போல் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று மயங்கி விழுந்தார். டாக்டர் சுசீலா நய்யார் ஓடி வந்தார். மகாத்மாவும் வந்தார். மகாதேவ், மகாதேவ் என்று கூப்பிட்டுப் பார்த்தார். இருபத்தைந்து வருஷத்தில் அந்தக் குரலுக்கு மகாதேவர் பதில் சொல்லாமல் இருந்தது அன்று ஒரு தடவைதான். அவருக்கு ஐம்பது வயது.

மகாத்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. பிள்ளை தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைத் தகப்பன் பிள்ளைக்குச் செய்யும்படி ஆயிற்று. தம் கையாலேயே உடலை நீராட்டினார். அரண்மனை மதிலுக்குள்ளேயே சிதை அடுக்கித் தாமே தீ மூட்டினார். பிறகு தினந்தோறும் அந்த இடத்துக்குப் போய்ப் புஷ்பம் வைத்துவிட்டு வருவது அவருடைய நித்திய கர்மம் ஆயிற்று. 1944 பிப்ரவரி 22-ந் தேதி மகா சிவராத்திரியன்று கஸ்தூரி பாயும் அதே சிறையில் கண்ணை மூடினார். மகாதேவரின் சமாதிக்குப் பக்கத்தில் இரண்டாவது சமாதி எழுந்தது. அந்த மே மாதம் மகாத்மாவை விடுதலை செய்தபோது, இரண்டு இடத்திலும் நின்று வணங்கிவிட்டே அவர் வெளியே வந்தார்.

இனி 1947-க்கு வருவோம். டில்லியில் நள்ளிரவு விழா நடந்தபோது மகாத்மா அங்கே இல்லை, கல்கத்தாவில் இருந்தார். பேலியாகாட்டா என்ற பேட்டையில், ஹைதரி மாளிகை என்ற பாழடைந்த முஸ்லிம் வீட்டில், சுஹ்ரவர்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தங்கியிருந்தார். ஒரு வருஷத்துக்கு முன்பு, 1946 ஆகஸ்டு 16-ந் தேதி தொடங்கி, ரத்த வெள்ளம் ஓடிய ஊர் அது. சுதந்திர தினச் செய்தி வேண்டும் என்று கேட்டு வந்தவர்களுக்குத் தம் உள்ளம் வறண்டுவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். லண்டன் ரேடியோக்காரர்களிடம், எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதையே மறந்துவிடுங்கள் என்று சொல்லச் செய்தார். 15-ந் தேதி வழக்கத்துக்கு முன்பாக, இரவு இரண்டு மணிக்கே எழுந்துவிட்டார். அன்று முழுவதும் உபவாசம், பிரார்த்தனை, ராட்டினம்.

சுதந்திர தினத்தில் மகாத்மா பட்டினி கிடந்தார் என்பதைச் சொல்லி, தேசம் பிரிந்த துக்கம் என்று காரணம் கூறுவார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அன்று காலைப் பிரார்த்தனைக்குப் பிறகு கீதை முழுவதும் பாராயணம் செய்யப்பட்டது. அது மகாதேவ தேசாயின் ஐந்தாவது ஆண்டு நினைவு நாள். தேசம் கொடியேற்றிக்கொண்டிருந்த அதே நாளில், தேசத்தின் தகப்பனார் தம் பிள்ளைக்குத் திதி கொடுத்துக்கொண்டிருந்தார்.

வெளியே கல்கத்தா வீதிகளில் ஹிந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே லாரிகளில் ஏறிக்கொண்டு ஒருவரையொருவர் தழுவிக்கொண்டு கோஷமிட்டார்கள். முந்தின வாரம் வரையில் ஒருவர் பேட்டைக்குள் ஒருவர் தலைகாட்ட அஞ்சியவர்கள் அவர்கள். மேற்கு வங்காளத்தின் புதிய மந்திரிகள் மகாத்மாவிடம் ஆசி பெற வந்தார்கள். முள் கிரீடம் தரித்திருக்கிறீர்கள், ஜாக்கிரதை என்ற கருத்தில் புத்தி சொல்லி அனுப்பினார். அன்றே அந்த மாகாணத்தின் கவர்னராக நம் ராஜாஜி பதவி ஏற்றார். ஜனக்கூட்டம் ஹைதரி மாளிகையை மொய்த்தபடி இருந்தது. தரிசனம் கொடுத்து மாளவில்லை. யார் வந்தார்கள், மகாத்மா என்ன சொன்னார், எப்போது சிரித்தார், எப்போது மௌனமானார் என்று வரி விடாமல் எழுதி வைக்க அங்கே மகாதேவர் இல்லை.

அவர் எழுதிய தினக் குறிப்பு 1917 நவம்பர் 13-ந் தேதி தொடங்குகிறது. தொகுதி தொகுதியாக அச்சாகியிருக்கிறது. 1942 ஆகஸ்டு 14-ந் தேதியோடு நின்றுவிடுகிறது.